மயிலுக்குக் கொடுத்த போர்வை

கொடைரோடு என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்களுக்குக் குளிர் நினைவுக்கு வருகிறது. இங்கேயே வாழும் எங்களுக்கோ வெயில்தான் நினைவுக்கு வரும். ரயிலை விட்டு இறங்கும் சுற்றுலாப் பயணிகள் நடைமேடையிலேயே ஸ்வெட்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். மலை இன்னும் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. ஆட்டோக்காரர்கள் மட்டும் சிரித்துக்கொள்வார்கள்.

இந்த நிலையத்துக்கு முன்பு அம்மையநாயக்கனூர் என்றே பெயர். 1875-இல் ரயில் வந்த பிறகு, மதுரையின் வெக்கைக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய வெள்ளைக்காரர்கள் இங்கே இறங்கி, மாட்டு வண்டியில் மலையடிவாரம் சென்று, அங்கிருந்து குதிரையிலும் டோலியிலும் மேலே போனார்கள். டோலியில் அமர்ந்தவர் கம்பளி உடுத்தியிருந்தார். டோலியைச் சுமந்தவர் இடுப்பில் ஒரு வேட்டியோடு நடந்தார். மலைக்குளிருக்கு யார் எதை உடுத்துவது என்ற கேள்வி, ஆக, எங்களூருக்குப் புதியதன்று. எங்களுக்குத்தான் அது தாமதமாக வந்து சேர்ந்தது.

நாங்கள் நால்வர். ஒரே கல்லூரியில் பணி. தமிழ், வணிகவியல், கணிதம் என்று துறைக்கொருவர், நான்காமவர் நூலகர். எங்களில் மூத்தவர் என்பதால் அவர் எங்களுக்கு அக்கா. அக்காவுக்கு ஐம்பதை நெருங்கும்போது சர்க்கரை வந்தது. மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்து பார்த்தார், தலை சுற்றியதுதான் மிச்சம். “ரோட்டுல போய் நடக்கலாம்னா, ஊர்ல பாக்கிறவுக என்ன நெனப்பாக?” என்றார். அவர் தனியாக நடக்க வேண்டாமே என்று மற்ற மூவரும் சேர்ந்துகொண்டோம். சிறுமலை அடிவாரத்தை நோக்கித் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே போகும் சாலையில், விடியுமுன் நடக்கத் தொடங்கினோம். ஆறு மாதத்தில் நடை ஓட்டமாயிற்று. ஓட்டம் என்றால் பெரிய ஓட்டம் ஒன்றுமில்லை; எங்களை மிதிவண்டிக்காரர்கள் எளிதில் கடந்து போவார்கள்.

ஓடுவதைவிட, எதை உடுத்தி ஓடுவது என்பதே கடினமாக இருந்தது. சேலையில் ஓட முடியாது. கால்சட்டை அணிந்தால் மறுநாள் வகுப்பறை வரை பேச்சு வரும். சுடிதார் அணிந்து, துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டி, இரண்டு பக்கமும் ஊக்குக் குத்திக்கொண்டு ஓடினோம். எங்களுக்கு முன்பே அந்த நேரத்தில் சாலையில் இருந்தவர்கள் மல்லிகை பறிக்கப் போகும் பெண்கள். நிலக்கோட்டைச் சந்தைக்குப் பூ போய்ச் சேரவேண்டுமென்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். சேலைக்கு மேல் கணவருடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பொத்தானை மூடியிருப்பார்கள். பனிக்கும் முள்ளுக்கும் பார்வைக்கும் சேர்த்து ஒரே சட்டை. வெளியில் உழைக்கும் பெண் என்ன உடுத்துவது என்ற கேள்விக்கு அவர்கள் எப்போதோ விடை கண்டிருந்தார்கள். நாங்கள்தான் கவனிக்கவில்லை.

ஆறேழு ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறைக்குப் பிந்தைய வார இறுதியில், கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று ஓடிவிட்டு வருவதென்று முடிவு செய்தோம். 1863-இல் லெவிஞ்ச் என்ற முன்னாள் மதுரைக் கலெக்டர் ஓடையைத் தடுத்து உண்டாக்கிய ஏரி அது. சுற்றியுள்ள சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அந்தத் தூரத்தை அடிவாரத்தில் நாங்கள் ஓடிப் பழகியிருந்தோம். ஆகவே தூரத்தைப் பற்றி அஞ்சவில்லை. குளிரைப் பற்றி அறியவில்லை.

வத்தலக்குண்டு தாண்டி, காமக்காப்பட்டியில் மலையேறத் தொடங்கிய பேருந்து இருட்டும் நேரத்தில் மேலே சேர்ந்தது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று கணிதத் தோழி வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். கொடைக்கானல் இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரம். கணக்குப்படி எங்களூரைவிட ஏறத்தாழப் பன்னிரண்டு டிகிரி குறைவு. ஆனால் தை மாதத்துத் தெளிந்த இரவுக்கு அந்தக் கணக்குப் போதாது. மேகமில்லாத வானத்துக்குத் தரை தன் வெப்பத்தை இழந்துவிடுகிறது. கனத்த குளிர்காற்று சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் ஜிம்கானா, கீழ்பூமி, பாம்பார்புரம் போன்ற தாழ்ந்த இடங்களில் புல் மீது உறைபனி படிகிறது. மேட்டில் நிற்பவருக்கு ஐந்தாறு டிகிரி இருக்கையில் பள்ளத்துப் புல்லுக்குச் சுழியத்துக்கும் கீழே போய்விடும். ஏரி இருப்பதும் பள்ளத்தில்தான்.

காலை ஆறு மணிக்கு இருட்டில் கிளம்பினோம். உள்ளே பருத்தி, அதன்மேல் பருத்திச் சுடிதார், கஞ்சி போட்ட துப்பட்டா, அதற்கும் மேல் தடித்த ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா. விடுதி வாசலில் நின்றபோது குளிரே தெரியவில்லை. ‘நன்றாக உடுத்தியிருக்கிறோம்’ என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டோம். அதுதான் பிழையின் முதல் அடையாளம் என்பதைப் பின்னால் அறிந்தோம். ஒரு கிலோமீட்டருக்குள் வியர்த்தது. காற்று மெலிந்த உயரமாதலால் மூச்சு வாங்கியது. ஜிம்கானா புல்வெளி சுண்ணாம்பு தெளித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. ஒரு சுற்று முடித்தபோது எங்களுக்கிருந்த பெருமிதத்தைச் சொல்லி மாளாது. வெயில் வரட்டும், படம் எடுத்துக்கொள்வோம் என்று ஏரிக்கரையிலேயே நின்றுவிட்டோம்.

கால் மணி நேரம் போயிருக்கும். அக்கா பேச்சை நிறுத்தியிருந்தார். பிளாஸ்கின் மூடியைத் திருக முயன்றுகொண்டேயிருந்தார். விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. என்ன அக்கா என்று கேட்டதற்கு வந்த பதில் குழறியது. சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று அஞ்சி, வணிகவியல் தோழி கைப்பையில் வைத்திருந்த குளுக்கோஸை வாயில் போட்டோம். நடுக்கம் நிற்கவில்லை. எங்கள் சால்வைகளையெல்லாம் அவர் மேல் போர்த்தினோம். அப்படியும் நிற்கவில்லை.

எதிரே தேநீர்க் கடை திறந்துகொண்டிருந்த பெண்மணி ஓடி வந்தார். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் ஸ்வெட்டர், காதைச் சுற்றித் துண்டு. அக்காவின் முதுகில் கைவைத்துப் பார்த்தவர் எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். “ஈரத்து மேல எத்தன போத்தினாலும் வெறைக்கத்தாங்க செய்யும். மொதல்ல நனஞ்சதக் கழட்டுங்க.”

அக்கா துப்பட்டாவை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலும், குழறிய குரலில், “இங்கயா? வேணாம்மா, ரூமுக்குப் போயிரலாம்” என்றார்.

“மானத்த அப்புறம் பாப்பம்க்கா. இப்ப உசுரப் பாருங்க.”

கடையின் பின்புறம் தார்ப்பாய்க்குள் அழைத்துப் போனார். நாங்கள் மூவரும் சால்வைகளை விரித்துத் திரையாக நின்றோம். ஊக்குகளைக் கழற்ற எங்களுக்கே விரல் வரவில்லை. ஊக்கோடு துணியைக் கிழித்து எடுத்தார் அந்த அம்மாள். உலர்ந்த துண்டால் துடைத்து, தன் மகனுடைய ஸ்வெட்டரை மாட்டி, தான் இரவில் போர்த்திக்கொள்ளும் கம்பளியைச் சுற்றி, அடுப்புக்கு அருகில் உட்கார வைத்தார். இனிப்பு கூட்டிய தேநீரை வாயருகே பிடித்தார். அரை மணி நேரத்தில் அக்காவின் உதட்டில் நிறம் திரும்பியது. கம்பளியை மடித்துத் திருப்பிக் கொடுத்தபோது தேநீருக்கு மட்டுமே காசு வாங்கினார்.

திரும்பும் பேருந்தில் யாரும் பேசவில்லை. பெருமாள்மலை தாண்டியபோது, எங்களில் தமிழ் நடத்துபவருக்குப் பேகன் நினைவுக்கு வந்தான். வராமல் இருக்க முடியாது; அது அவன் மலை. வையாவிக் கோப்பெரும்பேகன் ஆண்ட பொதினியே இன்றைய பழனி. கொடைக்கானல் இருப்பது பழனிமலைத் தொடரில். மழைக்காட்டில் மயில் ஒன்று அகவியதைக் கேட்டு, அது குளிரால் நடுங்குகிறதென எண்ணித் தன் போர்வையை எடுத்துக் கொடுத்தவன். பயன்படுமா என்று ஆராயாமல் கொடுப்பதைக் கொடைமடம் என்பர் இலக்கணம் அறிந்தோர். கொடைரோட்டில் இருந்துகொண்டு கொடைமடம் நடத்துகிறீர்களே என்று மாணவர்கள் ஆண்டுதோறும் தவறாமல் கேலி செய்வார்கள். மயிலுக்குப் போர்வை எதற்கு என்றும் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். போர்வை சூடு தருவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற விடாமல் காக்கிறது. காப்பதும் துணியன்று, துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. மயிலுக்கு அந்தக் காற்றைப் பிடித்து வைக்க உள்ளே தூவியும், மழையை வழித்துவிட வெளியே இறகும் இருக்கின்றன. குளிரும்போது இறகைச் சிலிர்த்து இன்னும் கொஞ்சம் காற்றைச் சேர்த்துக்கொள்ளும். நாங்கள் செய்ததோ நேர்மாறு. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பருத்தியை உடம்போடு ஒட்டி அணிந்தோம். காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது. தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்திவிடும். ஓடும்வரை உடம்பு சூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நின்றதும் கொடுப்பது நின்றது, எடுப்பது நிற்கவில்லை. சின்னாளபட்டிச் சுங்குடியைக் கொண்டாடி வளர்ந்த எங்களுக்குப் பருத்தியே பகையாகும் என்று தோன்றியிருக்க நியாயமில்லை. எங்கள் வெயிலுக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. அந்த மலைப்பள்ளத்துக்கு மட்டும் அது ஆகாது.

அடுத்த ஆண்டு மீண்டும் போவதென்று சொன்னவர் அக்காதான். இம்முறை உடைகளை ஒரு பாடத்திட்டம்போல் வகுத்தோம். உடம்போடு ஒட்டுவது, வியர்வையை வாங்கி வெளியே தள்ளிவிடும் மெல்லிய பாலியஸ்டர் பின்னலாடை. திருப்பூர்ச் சரக்கு, அதிக விலையில்லை. அதன்மேல் காற்றைப் பிடித்துவைக்கும் மெல்லிய கம்பளி. எல்லாவற்றுக்கும் மேல், காற்று உள்ளே புகாத இலேசான மேலுறை. சூடேறினால் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளலாம். காலுக்கு ஒட்டிய உள்ளுடையும் கால்சட்டையும். உடம்பு தன் நடுப்பகுதியைக் காக்கக் கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடுமாதலால் கையுறை, காதை மூடும் குல்லா, பருத்தி கலவாத காலுறை. மூக்கையும் வாயையும் மூடி ஒரு மப்ளர்; வணிகவியல் தோழிக்கு ஆஸ்துமா உண்டு, வறண்ட குளிர்காற்று நேரே உள்ளே போனால் இழுப்பு வரும். இருக்கும் குளிரைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருப்பதுபோல் எண்ணி உடுத்த வேண்டும். கிளம்பும்போது சற்றுக் குளிர வேண்டும். முடித்த உடனே, படம் எடுக்குமுன், உலர்ந்த உடைக்கு மாற வேண்டும். கடைசி விதியை அக்காவே எழுதிச் சேர்த்தார்.

பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் துப்பட்டாவுக்கு அதில் இடமில்லை என்பதைக் கவனித்தோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பேகன் கதையில் வகுப்பில் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் இருந்தான். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று புலவர் நால்வர் அவள் பொருட்டுப் புறநானூற்றில் பாடியிருக்கிறார்கள். பரணர் மயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லியே தொடங்குகிறார். எங்களுக்குப் பரிசில் வேண்டாம், இன்றிரவே தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பாயாக என்பதே அவர் கேட்கும் பரிசில். காட்டு மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டில் இருப்பவளின் குளிர் தெரியவில்லை. அக்காவின் நடுக்கமும் எங்களுக்கு அப்படித்தான். மூன்றாண்டுகளாக அருகருகே ஓடியும், அவர் ஓட்டத்துக்காக உடுத்தவில்லை, பார்ப்பவர்களுக்காக உடுத்துகிறார் என்பதை நாங்கள் எடுத்துப் பேசியதில்லை. நாங்களும் அப்படித்தான் உடுத்தினோம்.

இரண்டாம் முறை ஏரியைச் சுற்றியபோது உறைபனி முன்னதைவிட அதிகம். குல்லாவும் மப்ளரும் கால்சட்டையுமாக ஓடிய நால்வரில் யார் எவரென்று எங்களுக்கே தெரியவில்லை. எதிரே வந்தவர்களுக்கு ஆணா பெண்ணா என்பதே தெரிந்திருக்காது. அக்கா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கைகளை வீசி, மார்பு குறுகாமல் அவர் ஓடியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம். முடித்ததும் நேரே தேநீர்க் கடைக்குப் போய் உடை மாற்றிக்கொண்டோம். அந்த அம்மாளுக்கென்று வாங்கிப்போன புதுக் கம்பளியைப் பார்த்தவர், “எனக்கு இருக்கேம்மா” என்று தயங்கி, பிறகு வாங்கி வைத்துக்கொண்டார். “இன்னும் யாராச்சும் ஈரத்தோட வருவாங்க” என்றார்.

கீழே வந்த பிறகு அக்கா ஓட்ட உடைகளைத் துவைத்து, மாடிக் கொடியில் சேலைக்கு அடியில் மறைத்து உலர்த்தினார். எங்கள் வீடுகளிலும் அதுதான் வழக்கம். பாலியஸ்டர் சீக்கிரம் உலர்ந்துவிடும், ஆனால் மறைவில் கிடந்தால் வாடை அடிக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சேலையை ஓரமாகத் தள்ளி, கால்சட்டையை வெயிலில் நடுக்கொடியில் போட்டார்.

ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையிலிருந்து பார்த்தால் அந்தக் கொடி தெரியும். கல்லூரிக்குப் போகும்போது நாங்கள் ஒவ்வொரு நாளும் நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறோம்.