காத்து போற வழி

கடையில் விற்கும் லேப்டாப் கூலிங் பேடுகளில் முக்கால்வாசி, நீல விளக்கு எரியும் பலகைகள். அவ்வளவுதான். யுஎஸ்பி 2.0 துளையிலிருந்து கிடைப்பது 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர். பெருக்கினால் இரண்டரை வாட். அந்த இரண்டரை வாட்டில் நான்கு விசிறி சுற்ற வேண்டும், எல்இடியும் மின்ன வேண்டும். சரி, சுற்றுகிற காற்றாவது லேப்டாப்புக்குள் போகிறதா என்றால் அதுவும் கிடையாது. பலகைக்கும் லேப்டாப்பின் அடிவயிற்றுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். காற்று சுகமாக அந்த வழியே வெளியேறி உங்கள் மணிக்கட்டில் படும். குளிர்வது மணிக்கட்டுதான்.

என் லேப்டாப் 2019இல் வாங்கியது. ஐ7-9750எச் பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1660 டிஐ கிராஃபிக்ஸ். சென்னையில் இருந்தவரை அது ஏசி காற்றிலேயே வளர்ந்த பிள்ளை. 2023 புரட்டாசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆபீசில் பேசி, வீட்டிலிருந்தே வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டு சாத்தான்குளம் வந்துவிட்டேன். லேப்டாப்பும் கூட வந்தது. இங்கே ஏசி கிடையாது. அப்பாவுக்கு ஆகாது. சித்திரை மாதம் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை அறைக்குள் இறக்க ஆரம்பிக்கும். ராத்திரி ஒன்பதுக்கு என் மேஜையில் வைத்த வெப்பமானி 35 காட்டும்.

சாத்தான்குளம் என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும் என்று தெரியும். 2020 ஜூனுக்குப் பிறகு மீட்டிங்கில் சொந்த ஊர் கேட்டால் பதில் சொல்லிவிட்டு அரை நொடி காத்திருப்பேன். எதிரே இருப்பவர் முகம் மாறும். செல்போன் கடை வைத்திருந்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த ஊர். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதே பஜார் வழியாகத்தான் இந்தக் கட்டுரையில் வரும் ஃபோம் டேப்பும் திருகாணியும் வாங்கப் போனேன்.

சனிக்கிழமை ராத்திரி நானும் என் கல்லூரி சிநேகிதன் ஒருவனும் எல்டன் ரிங் ஆடுவோம். அவன் டொராண்டோவில் இருக்கிறான். எனக்கு ஒன்பது மணி என்றால் அவனுக்குக் காலை பதினொன்றரை. போனில் பேசினால் 'அப்பா எப்படி இருக்காங்க' என்ற கேள்விக்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் ஓடாது. விளையாட்டுக்குள் போய்விட்டால் இரண்டு மணிநேரம் பேசுவோம். அவன் விசா, என் தனிமை, யாருக்குக் கல்யாணம், யாருக்கு வேலை போனது, எல்லாம் ஒரு ராட்சசனை வெட்டிக்கொண்டே. ஆண்களுக்குப் பேச ஒரு மூன்றாவது ஆள் தேவைப்படுகிறான். அந்த ஆள் பிசாசாக இருந்தால் இன்னும் வசதி.

அந்த வருஷம் சித்திரையில் அதற்குத்தான் ஆபத்து வந்தது. 9750எச்சுக்கு 100 டிகிரி எல்லை. அதைத் தொடப்போகும்போது சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது 97 டிகிரியைத் தொட்டதும் 2.4க்கு இறங்கும், கொஞ்சம் ஆறும், ஏறும், மறுபடி இறங்கும். திரையில் 60 ஃபிரேம் 30க்கு விழும். மலேனியா அந்தரத்தில் எழும்பிச் சுழன்று வரும் நேரத்தில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். ஆடாதவர்களுக்கு: செத்துப்போவோம். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து செத்தோம். நாலாவது வாரம் அவன், 'வேலை இருக்குடா, அடுத்த வாரம் பாப்போம்' என்றான்.

மென்பொருள்காரன் முதலில் மென்பொருளில்தான் கை வைப்பான். சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தால் சூடு குறையும், வேகம் குறையாது. அண்டர்வோல்ட் என்பார்கள். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதலை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். மின்னழுத்தத்தைக் குறைத்தே இன்டெல் சிப்பின் பாதுகாப்பு அறைக்குள் கணக்கைப் பிசக வைக்கலாம் என்று காட்டினார்கள். அதன் பின் வந்த பயாஸ் அப்டேட்டில் என் லேப்டாப்பில் அந்தக் கதவே பூட்டப்பட்டுவிட்டது. ஆக, மிச்சமிருந்தது காற்று.

காற்று என்றால் அப்பா.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்துப் போர் மோட்டார்கள் எல்லாம் காயில் எரிந்து அங்கேதான் வரும். இந்தப் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தின் கடைக்கோடி. சடையனேரி கால்வாயில் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் போர்தான். கோடையில் நீர்மட்டம் இறங்கும். சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீராலேயே குளிர்கிறது. தண்ணீர் இறங்கியது தெரியாமல் ஓடவிட்டால் காயில் கருகிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வார்னிஷும் கருகிய தாமிரமும் கலந்த வாசனையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். 'பத்து டிகிரி ஏறினா ஆயுசு பாதி' என்பது அப்பாவின் வேதவாக்கு. யாரோ கொயமுத்தூர் மெக்கானிக் சொன்னது என்றுதான் நினைத்திருந்தேன். இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் மான்ட்சிங்கர் என்ற அமெரிக்கர் 1930இல் மின்மாற்றிகளின் காப்பை ஆராய்ந்து ஏறக்குறைய இதே கணக்கை எழுதியிருப்பது தெரிந்தது. லேப்டாப்பில் இருக்கும் கெப்பாசிட்டருக்கும் இந்தக் கணக்குதான் சொல்வார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு பட்டறையைப் பூட்டிவிட்டோம். வலது கை தோளிலிருந்து முட்டிவரை திரும்ப வந்தது. விரல்கள் வரவில்லை. பிசியோதெரபி பையன் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் இருநூறு தடவை அமுக்கச் சொன்னான். அப்பா அதை ஜன்னல் திண்டில் வைத்தார். அங்கேயே இருந்தது. அம்மா கெஞ்சினாள், நான் கத்தினேன். பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு ராத்திரி நான் கூலிங் பேடைப் பிரித்துப் போட்டிருந்தேன். அதிலிருந்த நாலு பொம்மை விசிறியில் இரண்டைக் கழற்றி, அந்த இடத்தை 120 மில்லிமீட்டருக்கு அறுத்து, ஆர்க்டிக் பி12 இரண்டை மாட்டும் வேலை. அது 12 வோல்ட் விசிறி, நிமிஷத்துக்கு 1800 சுற்று. யுஎஸ்பியை விட்டுவிட்டுப் பழைய மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரில் கொடுத்தேன். விசிறிக் கணக்கு கொஞ்சம் கொடூரமானது: சுற்றைப் பாதியாக்கினால் காற்றின் அளவும் பாதியாகும், ஆனால் அழுத்தம் கால்வாசியாகிவிடும். லேப்டாப்பின் அடியில் இருப்பது சல்லடை ஓட்டை. அதைத் தாண்டிப் போக அழுத்தம்தான் வேண்டும். மாட்டி ஓடவிட்டேன். முதலில் 97, கடையில் வாங்கியபடியே வைத்தால் 94, புது விசிறியில் 91. மூன்று டிகிரிக்கு மூன்று டிகிரி. வெறுப்பாக இருந்தது.

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து நின்றது தெரியவில்லை. அப்போதெல்லாம் வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும்.

'ஏல, காத்து எங்கேருந்து எடுக்கி?'

'கீழேருந்துப்பா.'

'எங்க போவுது?'

'லேப்டாப்புக்குள்ள போய்ப் பின்னால வெளிய வருது.'

இடது கையை லேப்டாப்பின் ஓரத்தில் வைத்தார். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். பிறகு சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்துவரச் சொன்னார். பலகையின் விளிம்பில் பிடித்தார். விசிறி தள்ளிய காற்றில் புகை நாலு பக்கமும் பிய்த்துக்கொண்டு பறந்தது.

'கேஸ்கெட் போடாம பம்பு தண்ணி தள்ளுமால?'

உலகம் முழுக்க கேமிங் ஆசாமிகள் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஐஈடிஎஸ், லியானோ மாதிரி கம்பெனிகள் விளிம்பைச் சுற்றிப் பஞ்சு வைத்து அடைத்த பேடுகளை விற்கிறார்கள். லேப்டாப் மேலே உட்கார்ந்ததும் பலகை ஒரு மூடிய பெட்டியாகிவிடும். காற்றுக்கு வேறு போக்கிடம் கிடையாது. என் பட்டியலிலும் ஃபோம் அடுத்த வேலையாக இருந்தது. ஆனால் ஊதுபத்தி என் பட்டியலில் இல்லை.

மறுநாள் பஜாரில் கதவிடுக்குக்கு ஒட்டும் ஃபோம் டேப் வாங்கி வந்தேன். அப்பா பட்டறைச் சாவியைக் கேட்டார். எட்டு மாதம் கழித்துத் திறந்தோம். காயிலுக்கும் இரும்புக்கும் நடுவே வைக்கும் லெதராய்டு பேப்பர் ஒரு சுருள் கிடந்தது. பேடில் மிச்சமிருந்த ஓட்டைகளையெல்லாம் அதை வெட்டி அடைத்தால் போதும் என்றார். நான் வெட்டப் போனேன். 'குடு' என்றார். ஸ்கேலை வலது கையின் கீழே கொடுத்து, கையின் கனத்தாலேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பிளேடை இழுத்தார். முதல் துண்டு கோணல். இரண்டாவதும் கோணல். பேசாமல் உட்கார்ந்திருப்பது அன்றைக்கு நான் செய்த கஷ்டமான வேலை. நாலாவது துண்டு நேராக வந்தது. ஃபோமை நான் ஒட்டினேன். பின்பக்கம் சூடு வெளியேறும் வாய்க்கு அது குறுக்கே வரக்கூடாது. வந்தால் விட்ட சூட்டையே திரும்பக் குடிக்கும்.

ஓட்டும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சிப்பின் மேல் தாமிரக் குழாய், அதற்குள் காற்றை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சூண்டு தண்ணீர், சூட்டில் ஆவியாகி மறுமுனைக்கு ஓடும், அங்கே தகடுகளில் ஆறித் தண்ணீராகித் திரும்ப ஊர்ந்து வரும் என்றேன். 'மோட்டார் இல்லாமயா?' மோட்டார் இல்லாமல்தான். ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரை மேலே கொண்டுவர மோட்டார் கட்டியவர்.

அதே இடம், அதே அரைமணி நேர ஆட்டம், அறையில் அதே 35 டிகிரி. பிராசஸர் 83. கிராஃபிக்ஸ் 87லிருந்து 74. விசிறியை மாற்றியதில் கிடைத்தது மூன்று டிகிரி, அடைத்ததில் கிடைத்தது எட்டு. அறைச் சூட்டுக்குக் கீழே எந்த விசிறியாலும் இறக்க முடியாது. அதனால் 35லிருந்து எவ்வளவு உயரம் என்றுதான் பார்க்க வேண்டும்: 62 டிகிரி உயரம் 48 ஆயிற்று. அப்பாவிடம் '97 எண்பத்து மூணாயிட்டு' என்று மட்டும் சொன்னேன். 'அப்ப ஆயுசு ரெண்டு மடங்குக்கு மேல' என்றார், அவர் கணக்கில்.

டொராண்டோக்காரன் திரும்ப வந்தான். மலேனியா செத்தாள். அதற்கும் அடைப்புக்கும் சம்பந்தமில்லை என்று அவன் சொல்கிறான். சொல்லட்டும்.

ஆனியில் வேறு தொல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காத்து இறங்கினால் இந்தப் பக்கத்துத் தேரிக்காட்டு மணல் சும்மா இருக்காது. இரும்புத் துரு ஏறிய செம்மண், மாவு மாதிரி பறக்கும். முன்பு ஓரத்தில் சிதறிய காற்றை இப்போது மொத்தமாக உள்ளே தள்ளுகிறோம் என்றால் தூசியையும் மொத்தமாகத் தள்ளுகிறோம் என்றுதான் அர்த்தம். நல்ல வடிகட்டி வைத்தால் அழுத்தம் போகிறது. வைக்காவிட்டால் லேப்டாப் தகடுகளில் செம்மண் அப்புகிறது. கொசுவலையை இரண்டு மடிப்பாக விசிறிக்குக் கீழே கட்டினோம். இரண்டு டிகிரி கூடியது, பரவாயில்லை. வலையைக் கட்டும் நூலில் முடிச்சு போட அப்பா வலது கையின் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்க்கப் பார்க்கிறார். சில நாள் சேரும். மஞ்சள் பந்து இன்னும் திண்டில்தான் இருக்கிறது. அம்மா அதைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலையை அவிழ்த்து வாளித் தண்ணீரில் அலசுவோம். தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். அம்மா அதை முருங்கை மூட்டில் ஊற்றச் சொல்வாள்.