காயமா, கடவுச்சீட்டா?

பொத்துவிலைத் தாண்டிக் களப்புப் பாலத்தைக் கடந்தால் அறுகம்பே. நம்மவர் வாயில் அது உல்லை. 2004 சுனாமி சிதைத்த இக்கரை மீண்டும் எழுந்து நிற்கிறது. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை, அலைச்சறுக்குப் பலகையோடு பல நாட்டார் இங்கே வந்து தங்குகின்றனர்.

அவர்களில் ஒருவர் விசா முடிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலையில் அடிபட்டு வைத்தியசாலைக்கு வருகிறார். முதலில் பார்க்க வேண்டியது காயத்தையா, கடவுச்சீட்டையா?

1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி, விசா விவகாரம் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குரியது. காயத்துக்கு மருந்திடுவது வைத்தியரின் வேலை. ஊரின் குப்பையை அகற்றுவது பிரதேச சபையின் வேலை.

இந்தப் பிரிவினையையே கொள்கையாக்கிய நகரங்கள் உண்டு. குடியேற்ற நிலையை அறிவதற்காகவே எவர்மீதும் நடவடிக்கை தொடங்கக்கூடாதென்று லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் 1979இல் உத்தரவிட்டது. இலங்கைத் தமிழர் பெருமளவில் வாழும் டொரொன்டோவில், ஆவணமில்லாதவரும் அச்சமின்றி நகரசேவைகளைப் பெறலாமென்று மாநகரசபை 2013இல் தீர்மானித்தது.

காரணம் எளிது. பயந்தவர் தொற்றுநோயை மறைப்பார். களவைக் கண்டாலும் பொலிசுக்குப் போகமாட்டார். நட்டம் ஊருக்குத்தான்.

நம் வீடுகளிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் போயிருக்கிறார்கள். விசா தவறிய நம் பிள்ளை அங்கே நோயுற்றால், வைத்தியசாலை வாசலில் முதலில் என்ன கேட்க வேண்டுமென்று விரும்புவீர்கள்? உல்லைக்கு வந்தவரிடமும் அதையே கேட்போம்.