ஒருத்தருக்கா, ஊருக்கேவா?

மெசேஜ் ப்ரோக்கர் என்றதும் "அதெல்லாம் ஐ.டி. கம்பெனி சமாச்சாரம்" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிடாதீங்க. உங்க ஊரில் தினமும் பார்க்கிற விஷயம்தான்.

எங்க ஊர் களமருதூர். உளுந்தூர்பேட்டை பக்கம், 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். எங்க பக்கம் ஒரு சேதி ஊருக்கே போகணும்னா முன்னாடி தண்டோரா போடுவாங்க. 2022-ல் தமிழக அரசு அதை நிறுத்தச் சொல்லி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னது. கருவி மாறினாலும் ஒருவர் சொல்ல எல்லாரும் கேட்பது மாறவில்லை. இதுதான் டாபிக். பேங்க் வரிசை வேறு மாதிரி. மூன்று கவுன்ட்டர் திறந்திருந்தாலும் ஒரு ஆளை ஒரு கவுன்ட்டர்தான் கவனிக்கும். இதுதான் க்யூ.

இந்த வித்தியாசம் எனக்கு ஏன் முக்கியம்? எங்க அம்மா காலையும் மாலையும் பால் சொசைட்டியில் பால் ஊத்துறாங்க. எத்தனை லிட்டர், ஃபேட் எவ்வளவு என்ற பதிவு பட்டுவாடா கணக்கில் ஒரே ஒரு தடவை ஏறணும். ஏறாவிட்டால் அம்மாவுக்கு நஷ்டம், இரண்டு தடவை ஏறினால் சொசைட்டிக்கு நஷ்டம். ஆனால் விலை மாறினால் அந்தச் சேதி எல்லாருக்கும் போகணும். பதிவு க்யூவில், விலை டாபிக்கில்.

இதையே மாதிரியாக வைத்து, ஹாஸ்டலில் நாங்கள் இரண்டு லேப்டாப்பில் ஆக்டிவ்எம்க்யூ கிளாசிக் ஓட்டி, நெட்வொர்க் கனெக்டரால் இணைத்துப் பார்த்தோம். ஒரு ப்ரோக்கருக்குக் களமருதூர் என்று பெயர், இன்னொன்றுக்கு உளுந்தூர்பேட்டை. தனித்தனிப் பெயர் கட்டாயம். இரண்டும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றே இருந்தால், தன்னோடு தானே இணைந்துவிட்டதாக நினைத்து ப்ரோக்கர் இணைப்பைத் துண்டித்துவிடும். அட்வைசரி வசதியையும் அணைக்காதீங்க. எதிர்ப்பக்கம் கன்ஸ்யூமர் இருக்கிறாரா என்று அதை வைத்துத்தான் ப்ரோக்கர் தெரிந்துகொள்கிறது.

இனி வேடிக்கையைப் பாருங்க. களமருதூரில் ஒரு கன்ஸ்யூமர், உளுந்தூர்பேட்டையில் மூன்று. களமருதூர் க்யூவில் 600 மெசேஜ் போட்டால் ஆளுக்கு 150 வரணும் இல்லையா? வராது. 'காண்ட்யூட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற செட்டிங் இயல்பாகவே ஆன் ஆகியிருக்கும். அது எதிர்ப்பக்க மூன்று பேரையும் ஒரே ஆளாக எண்ணும். அதனால் உள்ளூர்க்காரருக்குச் சுமார் 300, அங்கே ஆளுக்குச் சுமார் 100.

"சரி, ஆஃப் பண்ணிடலாம்" என்று தோணும். பண்ணினால் க்யூ சீராகிவிடும். ஆனால் டாபிக் கெடும். மூன்று சப்ஸ்கிரைபருக்காக ஒரே விலைச் சேதி மூன்று தடவை பாலம் தாண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று நகல் கிடைக்கும். க்யூவுக்கு மருந்து, டாபிக்குக்கு நோய்! வழி இதுதான்: இரண்டு நெட்வொர்க் கனெக்டர் வையுங்க. ஒன்றில் டாபிக்கை விலக்கி, க்யூவுக்கு மட்டும் ஆஃப். இன்னொன்றில் க்யூவை விலக்கி, டாபிக்குக்கு மட்டும் ஆன்.

அடுத்த தொல்லை, மெசேஜ் மாட்டிக்கொள்வது. களமருதூரிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குள் அங்கிருந்த கன்ஸ்யூமர் துண்டாகி, களமருதூரில் வந்து இணைகிறார். பதிவு பின்னாலேயே திரும்பி வருமா? வராது. ஒரு மெசேஜ், தான் கடந்து வந்த ப்ரோக்கருக்கு மறுபடி போகாது என்பது விதி. வட்டமடிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. 5.6 பதிப்பிலிருந்து 'ரீப்ளே வென் நோ கன்ஸ்யூமர்ஸ்' என்ற வசதி இருக்கு. அந்தப் பக்கம் கன்ஸ்யூமரே இல்லை என்றால் திரும்ப அனுமதிக்கும். அதோடு அந்த க்யூவுக்கு 'எனேபிள் ஆடிட்' என்பதை ஆஃப் செய்ய வேண்டி வரலாம். இல்லாவிட்டால் திரும்பி வந்ததை நகல் என்று நினைத்துத் தள்ளிவிடும்.

டாபிக்கில் இப்படிக் காத்திருக்கும் பேச்சே இல்லை. ஒலிபெருக்கி வண்டி போகும்போது வெளியூரில் இருந்தவருக்குச் சேதி கிடைக்காது. "நான் வந்ததும் சொல்லுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைக்கணும். அதற்குப் பெயர் டியூரபிள் சப்ஸ்கிரிப்ஷன்.

ஆக, மெசேஜ் காணோம், கூடுதலா வருது, ஒரு பக்கமே குவியுது என்றால், உடனே லாக் ஃபைலைத் திறக்காதீங்க. முதலில் ஒரு கேள்வி: இந்தச் சேதி ஒருத்தருக்கா, எல்லாருக்குமா? பதில் தெரிந்தால் எந்த செட்டிங்கைத் தொடணும், எதைத் தொடக்கூடாது என்பது பாதி தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிடுறேன். செட்டிங் எல்லாம் சரியாக இருந்தாலும், பாதியில் இணைப்பு அறுந்தால் க்யூவிலும் ஒரே பதிவு மறுபடி வரலாம். ஒவ்வொரு பால் பதிவுக்கும் தனி எண் கொடுத்து, கணக்கு எழுதும் நிரல் "இது ஏற்கெனவே ஏறிடுச்சா?" என்று பார்க்கட்டும். ப்ரோக்கர் சேதியைக் கொண்டு வந்து சேர்க்கும். காசுக் கணக்கு நம்ம பொறுப்பு.