கார்ட்டர் சாலையில் கம்பி வழுக்கும் வித்தை

மும்பையில் மாட்டுங்காவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் குடியிருக்கும் நம்மவர்கள் பாந்திராவுக்குச் செல்வதென்றால், செப்டம்பரில் மௌண்ட் மேரி மாதா திருவிழாவுக்கோ, துணிமணி வாங்க லிங்கிங் ரோடுக்கோ செல்வதே வழக்கம். கார்ட்டர் சாலைக் கடற்கரையில் காற்று வாங்கச் செல்வோரும் உளர். ஆயினும் அச்சாலையோரத்தில் சிமெண்டால் மேடும் பள்ளமுமாக அமைந்திருக்கும் ஸ்கேட்டிங் திடலைக் காண்பதற்கென்றே சென்றவர்கள் நம் சங்கத்தில் மிகச் சிலரே இருக்கக்கூடும். சென்ற மார்கழியில் நாம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து சென்று வந்தோம்.

வழி எளிது. மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையத்தருகே வசிப்போர், இசட் பாலம் என்று வழங்கும் நடைபாலத்தின் வழியே மேற்கு ரயில்வேயின் மாட்டுங்கா ரோடு நிலையத்தை அடையலாம். அங்கிருந்து மெதுவண்டியில் மாகிம், அடுத்தது பாந்திரா. மேற்கு வாயிலில் இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். நகரின் தென்பகுதிக்குள் ஆட்டோக்களுக்கு அனுமதியில்லை ஆதலால், நம் பேட்டைக்காரர்களுக்கு ஆட்டோவில் ஏறுவதே வெளியூர்ப் பிரயாணம் போலிருக்கும். சாலைக்கு இப்போது இசையமைப்பாளர் நௌஷாத் அலியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஆனால் ஆட்டோக்காரரிடம் கார்ட்டர் ரோடு என்று சொன்னால்தான் வண்டி நகரும். ஒருபுறம் அரபிக்கடல், பாறைகள், அலையாத்திச் செடிகள்; மறுபுறம் வானளாவிய மாளிகைகள். வடகோடியில் கார் தாண்டா என்னும் கோளி மீனவர் குடியிருப்பு. காற்று அப்பக்கமிருந்து வீசினால் கருவாட்டு மணம் நம்மூர்க் கடற்கரையை நினைவூட்டும்.

நாம் சென்றது கடற்காற்றுக்காக அன்று. நம் தமக்கையாரின் மகனுக்கு வயது பதினைந்து. இரண்டாண்டுகளுக்கு முன் சக்கரப் பூட்ஸ் அணிந்து தெருவில் ஓடி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். அன்று பரணில் ஏறிய பூட்ஸ் பின்னர் இறங்கவேயில்லை. இப்போது அவன் கேட்பது வெறும் ஓட்டமும் அன்று. இரும்புக் கம்பியின் மேல் தாவி ஏறி வழுக்கிச் செல்லும் வித்தை. தகப்பனார் இல்லாத பிள்ளை. தமக்கையாரோ தனியார் மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி பார்க்கிறவர். எலும்பு முறிந்து வரும் வாலிபர்களை வாரந்தோறும் காண்பவர். "தம்பி, நீ ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வா. விளையாட்டு என்றால் சரி என்று சொல். கையைக் காலை ஒடித்துக்கொள்ளும் காரியம் என்றால் வேண்டாம் என்று சொல். நீ சொல்வதுதான் முடிவு" என்றார். இத்தகைய பொறுப்பை ஏற்றபின் மேம்போக்காகப் பார்த்துவிட்டு வருவது முறையன்று. ஆகவேதான் நான்கு ஞாயிறுகள்.

நிற்க. இவ்வித்தைக்குப் பெயர் கிரைண்டு. இச்சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் மாவரைக்கும் இயந்திரமே நினைவுக்கு வரும். தமக்கையாரும் முதலில் அப்படித்தான் சிரித்தார். ரயில்வேயிலும் தண்டவாளத்தின் தலைப்பைத் தேய்த்துச் சீராக்கும் வேலைக்கு இதே பெயர். ஒன்றோடொன்று உராய்ந்து செல்லும் எதுவும் கிரைண்டுதான் என்று கொள்க.

வரிசைச் சக்கரப் பூட்ஸை ஊரறியச் செய்தவர்கள் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரத்துச் சகோதரர்களான ஸ்காட் ஆல்சன், பிரென்னன் ஆல்சன் என்போர். பனித்தரை ஹாக்கி ஆடும் அவர்கள், பனியில்லாக் கோடையிலும் பயிற்சி செய்வதற்காக 1980-ஐ ஒட்டி இதில் ஈடுபட்டனர். பின்னர் வாலிபர்கள் படிக்கட்டுக் கைப்பிடிகளையும் நடைபாதை விளிம்புகளையும் கண்டுவிட்டனர். 1995-இல் ரோட் ஐலண்டில் நடந்த முதல் எக்ஸ்ட்ரீம் கேம்ஸில் இவ்விளையாட்டு இடம்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் பிரேசில் நாட்டுப் பெண்மணி ஃபாபியோலா ட சில்வா அப்போட்டிகளில் பலமுறை தங்கம் வென்றார். 2004-க்குப் பின் அமெரிக்கப் பெரும்போட்டியிலிருந்து இது விலக்கப்பட்டது. பலகையில் நின்று ஓட்டும் ஸ்கேட்போர்டுக்காரர்கள் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நுழைந்தார்கள். பூட்ஸ்காரர்களுக்கு அந்த வாயில் திறக்கவில்லை. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-இல் சீனாவில் உலகத் தங்கம் வென்ற செய்தியை நேயர்கள் படித்திருப்பார்கள். அது வேகப் பந்தயம். பூட்ஸும் வேறு, கலையும் வேறு.

திடலில் பெரும்பான்மையோர் பலகைக்காரர்களே. ஒரு மூலையில் மட்டும் ஐந்தாறு பேர் பூட்ஸுடன். அவர்களுள் மூத்தவர் ஒரு மராத்தி வாலிபர். வாரநாட்களில் பார்சல் கொண்டு கொடுக்கும் வேலை, ஞாயிறன்று இளையோருக்கு இலவச ஆசான். நாம் கையில் குறிப்பேட்டுடன் நிற்பதைக் கண்டு முதலில் மாநகராட்சிக் கணக்கர் என்று எண்ணினார் போலும். விஷயம் தெரிந்ததும் தம் பூட்ஸைக் கழற்றி நம் மடியிலேயே வைத்து விளக்கத் தொடங்கினார்.

நான்கு சிறிய சக்கரங்கள் ஒரே வரிசையில் உள்ளன. நடுவிரு சக்கரங்களுக்கிடையே சட்டத்தில் ஒரு பள்ளம். கம்பி வந்து உட்காருமிடம் இதுவே. இதற்கு எச்-பிளாக் என்று பெயர். கம்பி சக்கரத்தில் சிக்காமலிருக்க, நடுச் சக்கரங்களை எடுத்துவிட்டு மிகச் சிறிய கடினச் சக்கரங்களைப் பூட்டிக்கொள்வோரும் உண்டு. பூட்ஸின் அடியில் வெளிப்பக்கமாகச் சட்டத்தைத் தாண்டி நீண்டிருக்கும் தட்டையான தகடு சோல் பிளேட். ஆங்கிலத்தில் இதை ஆன்மாவைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளால் எழுதுகிறார்கள். உள்ளங்காலைக் குறிக்கும் சொல்லுக்கும் ஒலி அதுவே. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இக்கலைக்கு அது பொருத்தமே என்று நமக்குத் தோன்றியது.

இனிப் பெயர்களுக்கு வருவோம். தூரத்திலிருந்து கேட்டால் வாய்க்கு வந்ததை உளறுவது போலிருக்கும். உண்மையில் ஒவ்வொரு பெயரும் எந்தக் கால், பூட்ஸின் எந்தப் பகுதி, கம்பியின் எந்தப் பக்கம் என்பதைத் திட்டமாகச் சொல்லும் குறியீடு. கம்பி முன்னே இருக்க, அதை நோக்கித் திரும்பித் தாவி, இரு பூட்ஸின் பள்ளங்களும் கம்பியின் குறுக்கே பொருந்தப் பக்கவாட்டில் வழுக்கினால் ஃப்ரண்ட்சைடு. முதுகைக் கம்பிக்குக் காட்டி ஏறினால் பேக்சைடு. முன்கால் குறுக்கே பள்ளத்தில் நிற்க, பின்கால் செல்லும் திசையை நோக்கிச் சோல் பிளேட்டின் மேல் அமர்ந்தால் அது சோல். கால்களை மாற்றி, முன்கால் தகட்டிலும் பின்கால் பள்ளத்திலும் இருந்தால் மிசூ. தகட்டில் ஒரே கால் நிற்க மற்றொன்றைத் தூக்கிக்கொண்டால் மக்கியோ. தகட்டில் நிற்கும் காலைக் கம்பிக்கு மேலாக அப்புறம் கொண்டுபோய், சட்டம் மறுபக்கம் தொங்குமாறு வைத்தால் பெயரின் முன் டாப்சைடு சேரும். டாப்சைடு மக்கியோவுக்குத் தனிப்பெயர் உண்டு: ஃபிஷ்பிரெயின், அதாவது மீன்மூளை! பின்னோக்கி ஓடி வந்து ஏறினால் ஃபேக்கி. பழகாத காலை முன்வைத்துச் செய்தால் சுவிட்ச். இவை ஒன்றோடொன்று புணர்ந்து வரும். இலக்கணம் படித்தோர்க்கு இது புதிதன்று.

மீன்மூளை என்று பெயர் வைப்பானேன் என்று சிலர் முகம் சுளிக்கலாம். பம்பரம் ஆடிய நாளில் நாம் ஆக்கர் என்றும் அப்பீட் என்றும் கூவினோமே, அவற்றுக்கு எந்த அகராதியைப் புரட்டினோம்? ஆடுகிறவன் வைக்கும் பெயர் ஆட்டத்தோடு நிலைத்துவிடுகிறது. அதைத் தமிழாக்கித் தருகிறோம் என்று நாம் புறப்பட்டால் பிள்ளைகள் நம்மோடு பேசுவதையே நிறுத்திவிடுவார்கள்.

கற்பிக்கும் முறைதான் நம் மனத்தை மாற்றியது. முதல் ஞாயிறன்று புதிதாய் வந்த ஒரு சிறுமி ஓடவேயில்லை. ஆறங்குல உயரமுள்ள சிமெண்ட் விளிம்பில் ஏறி, அசையாமல் நின்று, காலின் நிலையை மட்டும் பழகிக்கொண்டிருந்தாள். ஏறுவது, நிற்பது, இறங்குவது, மறுபடியும் ஏறுவது. மணி ஒன்றரை இதே வேலை. நிலை காலில் பதிந்தபின்தான் மெல்ல உருண்டு வந்து ஏறலாம். வட்டக் கம்பிக்கு முன் அகலமான விளிம்பு. உயரத்துக்கு முன் தாழ்வு. வேகம் மிகக் குறைந்தால் நடுவில் நின்று தலைகுப்புற விழ நேரும் என்பதால் ஓரளவு வேகம் வேண்டும். அந்த ஓரளவு எவ்வளவு என்பதைக் கால்தான் கற்றுக்கொள்ளவேண்டும், சொல்லித் தர முடியாது என்றார் ஆசான்.

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயமே. பயந்தவன் கம்பியிலிருந்து விலகிப் பின்னே சாய்கிறான். சாய்ந்ததும் கால்கள் முன்னே ஓட, இடுப்பு தரையில் மோதுகிறது. முழங்காலை நன்கு மடக்கி, நாற்காலியில் உட்காருவது போல் உடலைக் கம்பிக்கு நேர்மேலே வைக்கவேண்டும். சோல் நிலையில் பாரத்தின் பெரும்பகுதி பின்காலில்; முன்கால் திசைகாட்டி மட்டுமே. கண் காலைப் பார்க்கலாகாது. கம்பியின் முடிவைப் பார்க்கவேண்டும். முடிவு வருமுன்னரே இடுப்பைத் திருப்பி, செல்லும் திசைக்கு முகம் கொடுத்து இறங்கவேண்டும். பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஏறுவதில் வல்லவன், இறங்கும்போதெல்லாம் விழுந்தான். ஆசான் அவனைக் கம்பியை விட்டு அழைத்துப்போய், வெறுந்தரையில் தாவித் திரும்புவதை மட்டும் ஐம்பது முறை செய்யவைத்தார்.

இன்னொன்று நம் கண்ணில் பட்டது. சிறுவர்கள் பையிலிருந்து மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து விளிம்பில் தேய்க்கிறார்கள். உராய்வு குறைந்தால்தான் வழுக்கும். ரயில்வேயிலும் வளைவுகளில் சக்கரத்தின் விளிம்பும் தண்டவாளமும் தேயாதிருக்க மசகு இடுவதுண்டு. மிகுதியாகப் பூசினால் ஆபத்து என்பது இரண்டிடத்தும் ஒன்றே. ஒரு சிறுவன் தாராளமாகத் தேய்த்துவிட, அடுத்து வந்தவன் மல்லாந்தான். இவ்விடத்தில் ஒன்று சொல்லியாகவேண்டும். நிலையப் படிக்கட்டுகளின் கைப்பிடிகள் முதியோர்க்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியவை. அவற்றில் மெழுகு தேய்த்து வித்தை காட்டும் பிள்ளை நம் வீட்டுப் பிள்ளையே ஆனாலும் நாம் சங்கிலியைப் பிடித்து இழுக்கத் தயங்கமாட்டோம்!

மணிக்கட்டைப் பற்றி விசேஷமாக விசாரித்தோம். விழும்போது கையை ஊன்றுவது மனித சுபாவம். ஆகவே இவ்விளையாட்டில் அதிகம் முறிவது மணிக்கட்டே. கெட்டியான தகடு வைத்த மணிக்கட்டுக் கவசம் உண்டு. அதோடு முழங்கால் கவசம் கட்டியவர்கள், கையை ஊன்றாமல் முழங்காலில் விழுந்து சறுக்கிச் செல்லவும் தனியே பழகுகிறார்கள். நான்கு ஞாயிறுகளில் விழுந்தவர்களை எண்ணினோம். நூற்றைம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டோம். சிராய்ப்புகள் பல, முறிவு ஒன்றுமில்லை. அதனால் முறிவே நேராது என்று எழுதமாட்டோம். தலைக்கவசமின்றி ஆடிய மூவரைக் கண்டோம். மூவரும் வல்லவர்கள், அதுவே காரணம். வல்லவன் தலையும் எலும்புதான் என்று ஆசானிடம் சொன்னோம். அவர் மறுக்கவில்லை; அவர்களிடம் போய்ச் சொல்லவுமில்லை. அது நமக்குப் பிடிக்கவில்லை.

தமக்கையாரிடம் இவ்வளவையும் குறிப்பேட்டைப் பார்த்தே ஒப்பித்தோம். அவர் இடைமறித்துக் கேட்ட கேள்விகள் தாயின் கேள்விகளாக இல்லை, மருத்துவமனைக்காரரின் கேள்விகளாக இருந்தன. எந்தப் பக்கம் விழுவார்கள், தரை எத்தகையது, அருகில் யார் இருப்பார்கள். பின்பு, "அந்தச் சோல் என்கிறதை நின்று காட்டு" என்றார். நாம் சமையலறை வாசற்படியில் ஏறிக் காட்டவேண்டியதாயிற்று. பையன் சிரித்துக்கொண்டே வந்து, "மாமா, பின்காலை இன்னும் மடக்குங்கள்" என்று திருத்தினான். இரண்டாண்டுகளில் இவ்விஷயம் பற்றி அவ்வீட்டில் சண்டையின்றி நடந்த முதற்பேச்சு அது.

பூட்ஸ் பரணிலிருந்து இறங்கியது; காலுக்குப் பொருந்தவில்லை. அளவு மாறிவிட்டதே! ஆசானின் நண்பரிடம் பழைய பூட்ஸ் ஒன்று கிடைத்தது. தலை, மணிக்கட்டு, முழங்கால் மூன்றுக்கும் கவசமின்றி ஆடலாகாது, ஈரத்தரையில் ஆடலாகாது, முதல் மூன்று மாதம் ஆறங்குல விளிம்பைத் தாண்டலாகாது. இவை தமக்கையாரின் நிபந்தனைகள். மூன்றாவதை ஆசானே இரண்டு மாதமாகக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை.

பார்க்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்குள் செல்க. வெயில் ஏறினால் சிமெண்ட் தரை கொதிக்கும்; மாலையில் பலகைக்காரர் கூட்டம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அப்போது செல்வதில் பயனில்லை. பையனுக்கு ஃப்ரண்ட்சைடு இரண்டடி தூரம் வருகிறது. சோல் நிற்கிறது, இன்னும் வழுக்கவில்லை.