ஆயுள் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் கணிதம்)

பழவேற்காட்டுக்கு வரும் வெளியூரார் பூநாரைகளைப் பார்த்த கையோடு டச்சுக் கல்லறைக்கும் ஒரு நடை போய்வருவார்கள். வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய அந்தக் கல்லறை எங்களுக்குப் பழகிப்போன இடம். 1613-இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வணிகத்தை நெடுங்காலம் நடத்தியவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களுடைய நாட்டுக்கும் நம் ஊர் முதியோர் ஓய்வூதியத்துக்கும் ஒரு கணக்குத் தொடர்பு உண்டு. நிகழ்தகவுப் பாடத்துக்காக நூலகத்தில் புத்தகம் தேடியபோது அது எனக்குத் தெரியவந்தது.

அந்நாளில் ஹாலந்து அரசு செலவுக்குப் பணம் வேண்டி மக்களிடம் ஓர் ஒப்பந்தம் செய்தது. 14 கில்டர் கொடுத்தால், யார் பெயரில் கொடுக்கிறோமோ அவர் உயிரோடு இருக்கும்வரை ஆண்டுக்கு 1 கில்டர் வரும். கிழவர் பெயரில் கொடுத்தாலும் கைக்குழந்தை பெயரில் கொடுத்தாலும் ஒரே விலை. மக்கள் விடுவார்களா? பிள்ளைகளின் பெயரில் வாங்கினார்கள். 1671-இல், அரசின் தலைவராகவும் கணித வல்லுநராகவும் விளங்கிய ஜோஹன் டி விட், இறப்பு வாய்ப்பையும் 4 விழுக்காடு வட்டியையும் வைத்துக் கணக்கிட்டார். இளம் வயதினர் பெயரில் கொடுத்தால் அதன் உண்மை மதிப்பு 16 கில்டர் என்று காட்டினார். (அடுத்த ஆண்டே கலகக் கும்பல் அவரைக் கொன்றது. அதற்குக் காரணம் அரசியல், கணக்கு அன்று.) எத்தனை நாள் வாழ்வார் என்பதைப் பொறுத்தே எவ்வளவு கொடுக்கலாம் என்பது அமையும் என்று எண்களால் காட்டியவர்களுள் அவர் முன்னோடி.

நிற்க. சராசரி ஆயுள் என்றதும் நம்மில் பலர் தடுமாறுகிறோம். 1970-75-இல் இந்தியாவில் பிறந்த குழந்தையின் எதிர்பார்க்கும் வாழ்நாள் 49.7 ஆண்டு. அப்படியானால் அன்று 60 வயதுக்காரரே இல்லையா? இருந்தார்கள். ஏராளமான குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்ததால் சராசரி தாழ்ந்திருந்தது. 60-ஐத் தொட்டவர் அன்றும் ஏறத்தாழ 14 ஆண்டு வாழ்ந்தார். இப்போது ஏறத்தாழ 18 ஆண்டு. பிறப்பில் கணக்கிட்ட ஆயுள் 2016-20-இல் 70 ஆகிவிட்டது. அங்கே 20 ஆண்டு கூடியிருக்க, 60 வயதில் கூடியது நான்கே ஆண்டு. ஓய்வூதியத்துக்கு வேண்டியது இந்த இரண்டாவது எண்தான்.

2015-இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொண்டேன். 18 வயதில் சேர்ந்தால் மாதம் 42 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 291 ரூபாய். 60-க்குப் பிறகு மாதம் 1,000 ரூபாய் வரும். அவருக்குப் பின் வாழ்க்கைத் துணைக்கு வரும். இருவரும் போனபின் 1,70,000 ரூபாய் வாரிசுக்கு. இந்த முதலுக்கு ஆண்டு 12,000 ரூபாய் என்றால் 7 விழுக்காடு வட்டி. ஆக, இது வட்டி மட்டுமே. முதல் அப்படியே நிற்கிறது. வாங்குபவர் 65-இல் போனாலும் 95-இல் போனாலும் திட்டத்துக்கு ஒன்றுதான். ஆயுள் இங்கே கணக்கிலேயே நுழையவில்லை!

வாரிசுக்கு முதல் வேண்டாம் என்றால்? அதே 1,70,000 ரூபாயை அதே வட்டியில் 18 ஆண்டில் தீரும்படி பிரித்தால் மாதம் சுமார் 1,400 ரூபாய். 12 ஆண்டில் என்றால் 1,780. 25 ஆண்டில் என்றால் 1,215. பல்லாயிரம் பேர் ஒன்றாகச் சேர்ந்தால், முன்னே போனவர் விட்ட பணம் பின்னே இருப்பவருக்கு உதவும். எவருக்கும் பாதியில் நின்றுபோகாது. இதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் விளக்கினேன். “நான் செத்தா என் காசு எவனோ ஒருத்தனுக்கா?” என்று வலையைப் பின்னிக்கொண்டே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாரிசு இல்லாத கிழவிகளும் எங்கள் குப்பத்தில் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் பாடு என்றொரு முறை உண்டு. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். தாத்தாவுக்குக் கை தளர்ந்ததும் அவர் முறை அப்பாவுக்கு வந்தது. தாத்தாவுக்குச் சோறு போடும் கடனும் உடன் வந்தது. ஆயுள் முழுவதும் கொடுக்கவேண்டிய ஓய்வூதியம்தான் இதுவும். முகத்துவாரம் மணலால் தூர்ந்து இறால் குறைந்தாலும் கொடுத்தே ஆகவேண்டும். பல்லாயிரம் பேருக்குத்தான் சராசரி உண்டு. ஒரு வீட்டில் ஒரு கிழவி, ஓர் ஆயுள். அங்கே சராசரி ஏது?

எங்கள் ஆயா மாநில அரசின் முதியோர் உதவித்தொகை வாங்குகிறாள். 2023-இல் 1,000 ரூபாயை 1,200 ஆக்கினார்கள். இதில் நடுவணரசின் பங்கு 79 வயதுவரை 200 ரூபாய், 80 முதல் 500 ரூபாய். ஆனால் 80 நிறைந்தாலும் கைக்கு வருவது கூடுவதில்லை. அங்கே கூடிய அளவு மாநிலப் பங்கு குறைந்துவிடுகிறது. நடுவணரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கோ 80-இல் 20 விழுக்காடு கூடுதல், 100-இல் இரட்டிப்பு. வயது ஏற ஏறத் தேவையும் ஏறும் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை.

அட்டையில் ஆயாவின் வயது ஆறு குறைவு. “ஸ்ரீஹரிகோட்டாவுல மொத ராக்கெட்டு விட்டப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்கடா” என்பாள். முதல் ராக்கெட் 1971. அதை வைத்து நான் போட்ட கணக்கை எந்த மேசையிலும் ஏற்கவில்லை. 72 மாதத் தொகை அப்படியே போயிற்று.

அப்பாவுக்கு 50 கடந்துவிட்டது. 2015-இல் அடல் திட்டம் வந்தபோதே 40-ஐத் தாண்டியிருந்தார். 2019-இல் அமைப்புசாராத் தொழிலாளருக்கு வந்த ஓய்வூதியத் திட்டத்துக்கும் அதே வயது வரம்பு. பாடு முறையை வாங்கிக்கொள்ள நான் ஏரியில் இல்லை, பொன்னேரிப் பேருந்தில் இருக்கிறேன். ஆகவே அவருக்கான அட்டவணையை நானே போட்டேன். 60 முதல் மாதம் 5,000 ரூபாய், 7 விழுக்காடு வட்டி. 18 ஆண்டுக்கு அன்று கையில் 6 லட்சம் வேண்டும். 25 ஆண்டுக்கு ஏறத்தாழ 7 லட்சம், 30 ஆண்டுக்கு ஏழரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 78-லிருந்து 90 வரை அவர் வாழ்வதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. விலைவாசியை இன்னும் சேர்க்கவில்லை. அதற்கு இன்னொரு தாள் வேண்டும்.