அந்தப் பக்கம் இடம் இருக்கிறதா?

“அம்மா, பச்சை விளக்கு வந்துடுச்சே! ஏன் இன்னும் நிக்கிறீங்க?”

கேலாங் சாலையில் ஒரு மாலை நேரம். எங்களுக்கு முன்னால் மஞ்சள் கட்டம். அதற்கு அப்பால் வாகனங்கள் நெருக்கமாக நின்றன. பின்னாலிருந்த கார் ஹார்ன் அடித்தது. என் மகள் பொறுமை இழந்தாள். எனக்கோ அப்பாவின் நினைவு வந்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும். அப்பா லாரி ஓட்டுநர். பள்ளி விடுமுறையில் சில நாள்கள் என்னையும் அழைத்துச் செல்வார். அப்போது கிராஞ்சி சாலையின் குறுக்கே மலேசிய ரயில்கள் ஓடின. அங்கே ஒரு ரயில்வே கேட் இருந்தது. கேட் திறந்திருந்தாலும் அப்பா வேகத்தைக் குறைப்பார், வானொலியை அணைப்பார், கண்ணாடியை இறக்கிவிட்டு இரு பக்கமும் பார்ப்பார்.

ஒருநாள் ரயில் சென்றதும் கேட் திறந்தது. முன்னால் சென்ற லாரி தண்டவாளத்தைத் தாண்டியவுடன் நெரிசலில் நின்றுவிட்டது. அதன் பின்னால் எங்களுக்கு இடமில்லை. அப்பா கோட்டைத் தாண்டவே இல்லை. பின்னால் ஹார்ன் ஒலி காதைப் பிளந்தது. யாரோ சத்தம் போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

“எல்லாரும் திட்டுறாங்கப்பா, போங்களேன்!”

“திட்டினா திட்டட்டும்மா. அந்தப் பக்கம் இடம் இருக்கான்னு பாரு. இல்லேன்னா நாம தண்டவாளத்துல தான் நிக்கணும்.”

அவர் சொன்னதன் பொருள் எனக்குப் பிறகுதான் புரிந்தது. இரும்புச் சக்கரத்திற்கும் தண்டவாளத்திற்கும் இடையே உராய்வு குறைவு. அதனால், வேகமாக வரும் ரயில் பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடும். அதனால் விலகிச் செல்லவும் முடியாது. கவனமாக இருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

2011 ஜூன் 30ஆம் தேதி, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. அதன்பின் கிராஞ்சி கேட்டுக்கும் வேலை இல்லாமல் போனது. நம் பெருவிரைவு ரயில்கள் சாலைகளை ஒரே தளத்தில் குறுக்கே கடப்பதில்லை. ஆனால், மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் இன்றும் பல ரயில்வே கேட்கள் உள்ளன. 2025 ஜூலை 8ஆம் தேதி, கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் தண்டவாளத்தைக் கடந்த பள்ளி வேன்மீது ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அந்தச் செய்தியைப் படித்தபோது என்னால் பேச முடியவில்லை. அப்பா இறக்கிவிடும் கண்ணாடிதான் என் கண்முன் வந்தது.

கேலாங்கின் மஞ்சள் கட்டத்தில் ரயில் வராது. ஆயினும் விதி ஒன்றுதான்: வெளியேற இடமில்லாத இடத்திற்குள் நுழையக் கூடாது. பின்னால் ஒலிக்கும் ஹார்னுக்கு நம் உயிரைப் பற்றித் தெரியாது.

இவை அனைத்தையும் மகளிடம் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு சிவப்பாகி, மீண்டும் பச்சையானது. அவள் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தாள்.

“இப்ப இடம் இருக்கும்மா. போகலாம்” என்றாள்.