விலகிச் செல்லும் வழி

பயணம் செய்வோருள் பலர், குறித்த ஊரை விரைந்து அடைதலையே பயனெனக் கொள்வர். பெருஞ்சாலையினின்று சற்றே விலகிச் செல்லும் ஆர்வம் உடையார்க்கோ, அரிய செல்வங்கள் வழியிலேயே காத்திருக்கின்றன. அத்தகையதோர் இடம் சித்தன்னவாசல்.

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வறண்ட சமவெளியின் நடுவே நீண்டு கிடக்கிறது ஒரு பாறைக்குன்று. வெயில் முதிருமுன் அதன்மீது ஏறுதல் நன்று. உச்சியைக் கடந்து கீழைச் சரிவில் இறங்குவோர்க்குப் பாறையில் வெட்டிய குழிகளே படிகளாக உதவும். அதனால் அவ்விடம் ஏழடிப்பட்டம் எனப் பெயர் பெற்றது. அங்குள்ள குகையில், சமணத் துறவியர் துயின்ற கற்படுக்கைகள் தலையணை போன்ற மேட்டுடன் வழவழப்பாக விளங்குகின்றன. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 2000 ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்க் கல்வெட்டு உள்ளது.

குன்றின் மேற்குப் புறத்தில், பாறையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயிலைக் காணலாம். நிமிர்ந்து நோக்கின், விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை! அதில் மீன்கள் திரிகின்றன. யானைகளும் எருமைகளும் நீராடுகின்றன. அடியார் மலர் கொய்கின்றனர். சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய இவ்வோவியங்கள் 9ஆம் நூற்றாண்டின என்பர்.

இன்று அவற்றுள் பல பகுதிகள் மங்கி உதிர்ந்துவிட்டன. காலம் அழித்தது ஒருபால். காண வந்தோர் தீண்டியும் கீறியும் அழித்தது மற்றொருபால். உடைமை யாவும் துறந்தோர் உறைந்த குன்றில் தம் பெயரைக் கீற முனைதல் எத்துணைப் பேதைமை! கண்ணால் கண்டு, நெஞ்சில் கொண்டு, சுவடின்றி மீள்பவரே நல்ல வழிப்போக்கர்.